சட்டம் ஒன்று, படம் பல

நம் நகரத்து அருங்காட்சியக வளாகத்திலே, 1935ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஸ்ரீ சித்திரா ஓவியக்கூடத்தை நீங்கள் கண்டிருக்கக்கூடும். அங்கே ஓவியந்தோறும் ஒரு சட்டம் உண்டு. நாம்தாம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து செல்லவேண்டும். நம் சொந்த வலைப்பக்கத்தில் அமைக்கும் படக்கூடத்திலோ முறை தலைகீழ். காண்பவர் இருந்த இடத்திலேயே இருப்பார், சட்டமும் ஒன்றே, படங்கள்தாம் ஒவ்வொன்றாக வந்து அதனுள் அமரும். அதனை எங்ஙனம் அமைப்பது என்பதை ஈண்டுக் காண்போம்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஓணத்தன்று எடுத்த 20 படங்களை, எடுத்த அளவிலேயே பக்கத்தில் அடுக்கி வைத்தேன். ஊரிலிருந்து என் தாயார் தொலைபேசியில், "எய்யா, வட்டந்தான் சுத்திக்கிட்டே கிடக்கு, படத்தைக் காணுமே!" என்றார். குறை அவருடைய கைபேசியில் அன்று. என் கணக்கிலே இருந்தது.

ஒரு படம் 4000 புள்ளி அகலமும் 3000 புள்ளி உயரமும் உடையது எனக் கொள்வோம். மொத்தம் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள். நமது சட்டம் 800க்கு 600 எனில், அதற்கு வேண்டுவன 4 இலட்சத்து 80 ஆயிரமே. இருபத்தைந்தில் ஒரு பங்கு! பக்கத்திலே சிறிதாகத் தோன்றும்படி எழுதிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பெரிய படம் முழுவதையும் வரவழைத்துத்தான் உலாவி அதைச் சுருக்கிக் காட்டும். சுமை சிறிதும் குறையாது. ஆகவே, பக்கத்தில் ஏற்றுவதற்கு முன்பே படத்தைச் சுருக்குதல் வேண்டும்.

ஒவ்வொரு படத்திற்கும் இரண்டு பிரதிகள் தேவை. ஒன்று, சட்டத்திற்கு ஏற்ற 800க்கு 600 அளவுடையது. மற்றொன்று, 160க்கு 120 அளவுள்ள குறும்படம். பின்னது மூலப்படத்தில் 625இல் ஒரு பங்கே ஆதலின், இருபதும் விரைவில் வந்துவிடும். பெரியது, காண்பவர் கேட்கும்போது மட்டும் வரும்.

இனிச் சட்டம். முன்னாளில் பக்கம் முழுவதையும் பல சட்டங்களாகப் பிரிக்கும் வழக்கம் இருந்தது. 1990களில் நெட்ஸ்கேப் உலாவி பரப்பிய அம்முறையை, 2014இல் வெளியான எச்.டி.எம்.எல். 5 விலக்கிவிட்டது. பக்கத்தினுள் பதிக்கும் 'ஐஃப்ரேம்' என்னும் உட்சட்டம் மட்டும் நிலைத்தது. அதற்கு 'நேம்' என்ற பண்பின்வழி 'கூடம்' எனப் பெயரிடுங்கள். குறும்படம் ஒவ்வொன்றையும் இணைப்பாக்கி, அவ்விணைப்பின் 'டார்கெட்' என்ற பண்பிலே அதே பெயரை எழுதுங்கள். இரண்டு பெயரும் ஒத்திருத்தலே சூட்சுமம். ஓர் எழுத்து மாறினும், படம் சட்டத்திற்குள் வராமல் வேறொரு தாளிலே திறந்துகொள்ளும்.

இணைப்பு செல்லவேண்டிய இடம், பெரிய படமும் அதன்கீழ் இரண்டு வரி விளக்கமும் கொண்ட ஒரு சிறு பக்கம். விளக்கத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். ஆனால் பக்கத்தின் தலைப்பகுதியில் 'யுடிஎஃப்-8' என்று குறிக்க மறவாதீர்கள். மறந்தால் தமிழ் எழுத்துக்கள் சிதைந்து தோன்றக்கூடும். 'ஆல்ட்' என்னுமிடத்தில் படத்தைச் சொற்களால் கூறுங்கள். பார்வையற்ற நண்பருக்கு அவருடைய கருவி அதனைப் படித்துக் காட்டும்.

இவ்வாறு திருத்தியமைத்த மறுநாள் தாயார் மீண்டும் அழைத்தார். "பூக்களத்துக்குப் பக்கத்துல நிக்கது நீதானா? இப்படி மெலிஞ்சு போயிட்டியே!" என்றார்.

ஊரை விட்டு வந்து பயிலும் நம்மைக் காண வீட்டிலே கண்கள் காத்திருக்கின்றன. படம் எடுக்கும் ஆர்வத்தோடு, அதனைச் சுருக்கும் பொறுமையும் நமக்கு வேண்டும்.