நிக்கலஸ் பிடில்: மைய வங்கியின் ஆற்றலும் பொறுப்பும்

நாட்டின் நாணயத்தைக் காக்கும் வங்கிக்குப் போதிய அதிகாரம் வேண்டும். அவ்வதிகாரம் யாருக்குக் கட்டுப்பட்டது என்பதில் தெளிவும் வேண்டும். இவற்றுள் முன்னதைப் பெற்றுப் பின்னதைப் பெறாத வங்கிக்கு நேரும் கதியை, அமெரிக்காவின் நிக்கலஸ் பிடிலின் வாழ்க்கை விளக்குகிறது.

பிடில் 1786ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் பிறந்தார். பதினைந்தாம் வயதில் பிரின்ஸ்டனில் பட்டம் பெற்றார். பாரிசிலும் லண்டனிலும் அமெரிக்கத் தூதர்களிடம் செயலாளராகப் பணியாற்றினார். இலக்கிய ஆர்வம் மிக்க அவர், 1819இல் அமெரிக்க ஐக்கிய நாட்டின் இரண்டாவது வங்கியின் இயக்குநர்களுள் ஒருவராகவும், 1823இல் அதன் தலைவராகவும் ஆனார்.

வங்கியின் பணி

1816இல் இருபது ஆண்டு உரிமத்துடன் தொடங்கிய அவ்வங்கியின் மூலதனம் மூன்றரைக் கோடி டாலர். அதில் ஐந்தில் ஒரு பங்கே அரசினுடையது, எஞ்சியது தனியாருடையது. அந்நாளில் மாநில வங்கிகள் பலவும் தத்தம் நோட்டுகளை வெளியிட்டு வந்தன. வரியாகச் செலுத்தப்பட்ட அந்நோட்டுகள் பிடிலின் வங்கியை வந்தடைந்தன. அவற்றை வெளியிட்ட வங்கிகளிடமே உடனுக்குடன் கொடுத்து, பொன் அல்லது வெள்ளி நாணயம் கேட்பது அவரது முறை. ஆகவே, கையிருப்புக்கு மீறி நோட்டு அச்சிட எவரும் அஞ்சினர். நெருக்கடி நேரும்போது இவ்வழுத்தத்தைத் தளர்த்தவும் அவர் அறிந்திருந்தார்.

நினைத்தால் மாநில வங்கிகளுள் பெரும்பாலானவற்றை அழித்திருக்க இயலும், ஆயினும் எதையும் துன்புறுத்தவில்லை என்று செனட் குழுவொன்றுக்கு அவர் தெரிவித்தார். தம் நிதானத்திற்குச் சான்றாக அவர் கூறிய இச்சொற்களையே எதிர்ப்பாளர்கள் வங்கியின் பேராற்றலுக்குச் சான்றாகக் கொண்டனர்.

ஜாக்சனுடன் மோதல்

உரிமம் முடிய நான்கு ஆண்டுகள் இருக்கையிலேயே, தேர்தல் ஆண்டான 1832இல், அதைப் புதுப்பிக்குமாறு பிடில் கோரினார். காங்கிரஸ் இசைந்தது, குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் தடுப்பாணையால் மறுத்தார். வங்கி செல்வர்க்கும் அயல்நாட்டுப் பங்குதாரர்க்கும் நலம் பயக்கும் தனியுரிமை என்பது அவரது வாதம். தேர்தலில் வென்ற ஜாக்சன், 1833இல் அரசு வைப்புகளை மாநில வங்கிகளுக்குத் திருப்பினார்.

வைப்புகள் குறைந்ததால் கடன்களைச் சுருக்குவது ஓரளவு தேவையாயிற்று. பிடிலோ தேவைக்கு மேலும் சுருக்கினார். மக்கள் படும் இன்னல் அரசைப் பணியவைக்கும் என எண்ணினார். வணிக நிறுவனங்கள் சில முறிந்தன. தொழிலாளர் வேலை இழந்தனர். இறுதியில் வணிகர்களே அவரை எதிர்த்தனர். அவர் கடனைத் தளர்த்த நேர்ந்தது. வங்கிக்கு எதிரான குற்றச்சாட்டை வங்கித் தலைவரே மெய்ப்பித்தார்.

முடிவு

1836இல் உரிமம் முடிந்தது. பென்சில்வேனியா மாநில உரிமத்துடன் வங்கி தொடர்ந்தது. 1837இன் நிதி நெருக்கடிக்குப் பின் பருத்தி வாணிபத்தில் பெரும் பணத்தை ஈடுபடுத்திய பிடில், 1839இல் பதவி விலகினார். 1841இல் வங்கி வீழ்ந்தது. அவர்மீது தொடரப்பட்ட மோசடி வழக்கு தள்ளுபடியாயிற்று. 1844இல் அவர் காலமானார்.

நோட்டு வெளியீட்டைக் கட்டுப்படுத்தப் பிடில் கையாண்ட முறை பயனுடையதே. எனினும், மக்களின் நம்பிக்கையை இழந்த திறமை நிலைக்கவில்லை. கூட்டரசு ரிசர்வ் அமைப்புக்கான சட்டம் 1913இல் இயற்றப்படும் வரை, 77 ஆண்டுகள் அந்நாடு மைய வங்கியின்றியே இயங்கிற்று.