பஞ்சும் பதிவேடும்

குழந்தைகள் காப்பகத்தைப் பார்க்கப் போகும் பெற்றோருக்குச் சுவரில் மாட்டிய முதலுதவிப் பெட்டியைக் கண்டதுமே பாதி நிம்மதி வந்துவிடுகிறது. திறந்து பார்த்தால் கட்டுத்துணி, பிளாஸ்திரி, கையுறை போன்றவைதான் இருக்கும். மாத்திரை, மருந்துகளை அதில் வைக்க வேண்டாம் என்பதே பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு சொல்லும் அறிவுரை. சிராய்ப்புக்கு இது போதும். திராட்சை தொண்டையில் அடைத்துக்கொண்ட குழந்தைக்கு எடுத்துக் கொடுக்க அந்தப் பெட்டியில் எதுவும் இல்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தையானால் குப்புறக் கிடத்தி முதுகில் ஐந்து முறை வரை தட்ட வேண்டும். அப்போதும் வெளிவராவிட்டால் மல்லாத்தி நெஞ்சில் ஐந்து முறை வரை அழுத்த வேண்டும். அதற்குப் பழகிய கை தேவை. 2012இல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் பகுதிக் காப்பகமொன்றில் ஒன்பது மாதக் குழந்தை உணவு அடைத்து இறந்தது. அதன் பெற்றோர் நடத்திய இயக்கத்துக்குப் பிறகு, 2016 செப்டம்பரில் விதி மாறியது. புதிதாகத் தகுதி பெற்று வருபவர், சேர்ந்த மூன்று மாதத்துக்குள் குழந்தைகளுக்கான முதலுதவிச் சான்றிதழ் வாங்காவிட்டால், 'இத்தனை குழந்தைக்கு இத்தனை பேர்' என்ற கணக்கில் அவரைச் சேர்க்க முடியாது. மூன்றாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

பெட்டியும் கையும் அடிபட்ட பிறகுதான் உதவும். அடுத்த அடியைத் தடுக்கக்கூடியது விபத்துப் பதிவேடுதான். இங்கிலாந்தில் ஒவ்வொரு காயத்தையும் கொடுத்த முதலுதவியையும் எழுதி வைப்பது கட்டாயம். பெற்றோருக்கு அன்றைக்கே, அல்லது முடிந்த அளவு சீக்கிரம், சொல்லிவிட வேண்டும். கடுமையான விபத்தென்றால் ஆஃப்ஸ்டெட் என்ற ஆய்வு அமைப்புக்கு 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் அது குற்றம். 'அன்றைக்கே' என்பது வெறும் மரியாதைக்காகச் சொன்னதல்ல. தலையில் அடிபட்ட குழந்தை மாலைவரை ஓடியாடிவிட்டு இரவில் வாந்தி எடுக்கலாம், எழுப்பினால் எழாமல் கிடக்கலாம். பகலில் அடிபட்டது தெரியாத தாய், பாவம், அதை அசதி என்றுதானே நினைப்பார்?

குழந்தைகளைப் பார்க்கும் நேரத்தைத் தாள் தின்றுவிடுகிறது, எழுதினால் பழி நம்மேல் விழும் என்று பணியாளர்கள் தயங்குவதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் நேரம், இடம், நடந்தது, செய்தது என நாலு வரி போதும்; யார் குற்றம் என்ற பத்தி அதில் தேவையில்லை. ஒரே அலமாரி முனையில் மூன்று குழந்தைகள் வெவ்வேறு நாளில் இடித்துக்கொண்டால், அன்றன்று பணியில் இருந்தவருக்கு அது ஒரு சின்ன வீக்கம். மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது ஏடு மட்டுமே. இங்கிலாந்தில் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வழிகாட்டு நெறிகளும் இதையே எதிர்பார்க்கின்றன: தலையிட்டு உதவ வேண்டியிருந்த ஒவ்வொரு தொண்டை அடைப்பையும் எங்கே, எப்படி நேர்ந்தது என்று குறித்து, அவ்வப்போது புரட்டிப் பொதுக்காரணம் தேட வேண்டும். ஒரு வருடம் முழுக்க வெறுமையாகக் கிடக்கும் ஏட்டைத்தான் நான் சந்தேகிப்பேன். நடை பழகும் குழந்தைகள் விழாத காப்பகம் ஏது? எழுதினால் பெற்றோருக்குள் சண்டை மூளும் என்பார்கள். அதற்கும் அங்கே வழி உண்டு. ஒரு குழந்தை இன்னொன்றைக் கடித்துவிட்டால், கடிபட்ட குழந்தையின் வீட்டுக்குப் போகும் சீட்டில் கடித்த குழந்தையின் பெயரை எழுதாமல் விடுவதே வழக்கம்.