பழைய 6 சிலிண்டர் காருக்கு புது ஹெட்டரா? ஆர்சி புக்கையும் பாருங்க!

முசிறி, திருச்சி பக்கம் பழைய செவர்லே மாதிரி 6 சிலிண்டர் கார் வைத்திருக்கிறீர்களா? வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு விரிசல் விட்டால், பலரும் கேட்பது ஸ்டீல் பைப் ஹெட்டர்.

எது சரி?
இந்த எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. முன் மூன்று சிலிண்டர்களின் புகை ஒரு குழாயிலும், பின் மூன்றின் புகை இன்னொன்றிலும் சேர்ந்தால், ஒன்றின் புகை மற்றொன்றை அவ்வளவாக மறிக்காது. அதனால் 3-3 ஹெட்டர்தான் பெஸ்ட். குழாய் ரொம்பப் பெரிசானால், குறைந்த வேகத்தில் இழுவை போயிடும்.

உஷார்!
50 வயது தாண்டிய கார்களுக்கான 2021 விண்டேஜ் பதிவு விதி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது. ஹெட்டர் மாற்றும் முன் ஆர்டிஓ ஆபீஸில் கேளுங்கள். கழற்றிய மேனிஃபோல்டை எடைக்குப் போட்டுடாதீங்க!