உங்களுக்குத் தெரியுமா?

இரண்டே நாளில் முறிந்த சமாதானப் பேச்சு, கையெழுத்தாக 34 ஆண்டுகள் ஆயின!

● 1955 டிசம்பர் 28, 29. கெடா மாநிலம் பாலிங்கில் ஒரு பள்ளிக்கூடம். ஒருபக்கம் மலாயாவின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான். எதிரே காட்டிலிருந்து வந்த மலாயா கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங். "சரணடையுங்கள்" என்றது அரசுத் தரப்பு. "கட்சியை அங்கீகரியுங்கள்" என்றது எதிர்த்தரப்பு. பேச்சு முறிந்தது.

● கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1948 முதல் 1960 வரை நீடித்தது. தமிழர்கள் கொழுந்து பறித்த கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றியிருந்த காடும் அப்போது போர்க்களம். தாப்பாவிலிருந்து மலையேறும் பாதையில் வண்டிகள் ஆயுதக் காவலுடன் அணியாகவே சென்றன.

● அவசரகாலம் முடிந்தும் ஒப்பந்தம் வரவில்லை. கடைசியில், 1989 டிசம்பர் 2. தாய்லாந்தின் ஹாட் யாய் நகர ஹோட்டலில் அதே சின் பெங் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதில் 'சரண்' என்ற சொல்லே இல்லை! ஆயுதங்களை ஒப்படைக்கவில்லை, அழித்துவிட ஒப்புக்கொண்டார்கள்.

● சமாதானம் வந்தும் சின் பெங்குக்கு நாடு திரும்ப அனுமதி கிடைக்கவில்லை. 2013-ல் பாங்காக்கில் காலமானார்.