குழந்தைகளோடு கானாவுக்கு... டிக்கெட்டுக்கு முன்னால் ஊசி!

"அக்கா, டிசம்பர் லீவுக்கு எங்களை அக்ராவுக்கு வரச் சொல்றார் அவர்" என்று வந்து நின்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

"தாஜ்மகால் பார்க்கவா?" என்றேன்.

"அது ஆக்ரா! இது அக்ரா. மேற்கு ஆப்பிரிக்காவிலே கானா தேசத்துத் தலைநகரம். அவருக்கு அங்கே ரெண்டு வருஷ வேலை. இன்னிக்கு ராத்திரியே டிக்கெட் போட்டுடலாம்னு இருக்கேன்."

மூத்த பையனுக்கு ஏழு வயது. இடுப்பில் இருந்த சின்னவளுக்கு ஐந்து மாதம், இன்னும் தாய்ப்பால்தான். "டிக்கெட் இருக்கட்டும். முதலில் குழந்தை டாக்டரைப் பார்த்துட்டு வா" என்று அனுப்பி வைத்தேன். சகோதரிகளே, கணவருக்கு வெளிநாட்டில் வேலை என்றால் நாளை உங்களுக்கும் இந்த யோசனை வரலாம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மஞ்சள் காய்ச்சல், மஞ்சள் காமாலை அல்ல

கானாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை அவசியம். மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. இது கொசுவால் பரவும் வைரஸ் ஜுரம். இதைக் குணப்படுத்தத் தனி மருந்து கிடையாது. ஊசி ஒன்றுதான் காப்பு. நம் நாட்டில் இந்த நோய் இல்லை. ஆனால் இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கிறது. டெங்குவைத் தருவதும் அதே கொசுதான். நோய் உள்ளே வந்துவிட்டால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்! அதனால்தான் திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் அட்டையைக் கேட்கிறார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனியே தங்க வைத்துவிடுவார்கள்.

அரசு அங்கீகரித்த இடங்களில்தான் இந்த ஊசி. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள். எந்த நாளில், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். ஒரு முறை போட்டால் ஆயுள் முழுவதும் போதும் என்று 2016-ல் விதியை மாற்றிவிட்டார்கள்.

யாருக்குப் போடக் கூடாது?

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஒன்பது மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசியைப் போடுவதில்லை. கர்ப்பிணிகளும், சின்னக் கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர்களும், முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களும் டாக்டரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளவே கூடாது. ஒன்பதாம் மாதம் குழந்தைக்குத் தட்டம்மை ஊசியும் வருமே, இரண்டுக்கும் நடுவில் இடைவெளி வேண்டியிருக்கும். குழந்தையின் தடுப்பூசி அட்டையை டாக்டரிடம் காட்டி, தேதிகளை அவரையே குறித்துத் தரச் சொல்லுங்கள்.

மலேரியாவை லேசாக எண்ணாதீர்கள்

கானாவில் மலேரியா எல்லாப் பகுதியிலும் உண்டு, வருஷம் முழுவதும் உண்டு. அதிகமாக வருவது மூளையைத் தாக்கக்கூடிய கடுமையான வகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது பெரிய ஆபத்து. பழைய குளோரோகுயின் மாத்திரை அங்கே பலிக்காது. வேறு மாத்திரைகள் இருக்கின்றன; வயது, எடை பார்த்து டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். புறப்படும் முன்பே ஆரம்பித்து, ஊர் திரும்பிய பிறகும் மாத்திரைக்குத் தக்கபடி ஒரு வாரமோ நான்கு வாரமோ தொடர வேண்டும். "ஊருக்குத்தான் வந்தாச்சே" என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

மருந்து தோய்த்த கொசுவலை, முழுக்கைச் சட்டை, கொசு விரட்டும் களிம்பு, இவை பெட்டியில் முதலில் ஏறட்டும். திரும்பி வந்து மூன்று மாதம் கழித்து ஜுரம் வந்தால்கூட, "ஆப்பிரிக்கா போய் வந்தோம்" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

எப்போது போகலாம்?

நம் கோடை லீவு அங்கே சரிப்படாது. கானாவின் தெற்கே ஏப்ரலில் தொடங்கும் மழை மே, ஜூனில் கொட்டித் தீர்க்கும். டிசம்பர் விடுமுறைதான் தோது. அப்போது சகாராப் பாலைவனத்திலிருந்து 'ஹர்மட்டான்' என்ற வறண்ட காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும். உதடு வெடிக்கும். இழுப்பு உள்ள குழந்தை என்றால் மருந்தை மறக்கக் கூடாது.

சைவக்காரர்கள் என்ன சாப்பிடுவது?

பட்டினி கிடக்க வேண்டாம்! அரிசியும் காராமணியும் சேர்த்து வேகவைத்த 'வாச்சே', காராமணிக் குழம்போடு பொரித்த வாழைப்பழம் வைத்த 'ரெட் ரெட்', இரண்டும் நம் நாக்குக்குப் பிடிக்கும். மரவள்ளியையும் வாழைக்காயையும் வேகவைத்து இடித்த 'ஃபூஃபூ' பார்க்க நம் களி மாதிரி. ஆனால் 'ஷிட்டோ' என்ற மிளகாய்த் தொக்கில் கருவாடு இருக்கும். குழம்பிலும் மீன் சேர்ப்பதுண்டு. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சீல் வைத்த பாட்டில் தண்ணீர் அல்லது கொதிக்க வைத்த தண்ணீர் மட்டும் கொடுங்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் கைப்பையில் இருக்கட்டும். ஏரி, ஆற்றில் குழந்தைகளைக் குளிக்க விடாதீர்கள். தோல் வழியே நுழையும் புழு நோய் அங்கே உண்டு.

பார்க்க வேண்டியவை

கேப் கோஸ்ட், எல்மினா கோட்டைகளுக்கு அவசியம் போக வேண்டும். எல்மினாவைப் போர்த்துகீசியர் 1482-ல் கட்டினார்கள். இந்தக் கோட்டைகளின் நிலவறைகளில் மனிதர்களை அடைத்து வைத்து, கப்பலேற்றி அடிமைகளாக விற்றார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வது என்று முதல் நாளே யோசித்து வையுங்கள். மனசு கனத்துப் போனால், பக்கத்திலேயே காக்கும் காடு இருக்கிறது. மர உச்சிகளுக்கு நடுவே தொங்கும் பாலத்தில் நடக்கலாம். குமாசிப் பக்கம் போன்வைர் கிராமத்தில் 'கென்டே' துணியைக் குறுகிய நாடாக்களாக நெய்து, பிறகு சேர்த்துத் தைப்பார்கள். நெசவு தெரிந்த நமக்கு அது கண்கொள்ளாக் காட்சி.

அங்கே பிறந்த கிழமையை வைத்துப் பெயரிடும் வழக்கமும் உண்டு. வெள்ளிக்கிழமை பிறந்த பையன் கோஃபி! இடது கையால் எதையும் நீட்டக் கூடாது என்பதில் நம்மைப் போலவே கண்டிப்பு.

பக்கத்து வீட்டுக் கதை என்ன ஆயிற்று? டாக்டர் தெளிவாகவே சொல்லிவிட்டார்: டிசம்பரில் சின்னவளுக்கு ஏழு மாதம்தான் ஆகும். அவளுக்கும் ஊசி போட முடியாது, பால் கொடுக்கும் அம்மாவுக்கும் இப்போது வேண்டாம். இரண்டு நாள் அழுதாள் அந்தப் பெண். மூன்றாம் நாள் கணவருக்குப் போன் போட்டாள். "இந்தத் தடவை நீங்க வாங்க. அடுத்த டிசம்பருக்கு நாங்க வர்றோம்."

பொங்கலுக்கு அவர் வந்துவிட்டார். அடுத்த டிசம்பருக்கான ஊசித் தேதிகள் இப்போதே அவள் வீட்டுக் காலண்டரில் ஏறிவிட்டன. டிக்கெட் இன்னும் போடவில்லை!