1. எஃப்.சி. கைசர்ஸ்லாட்டர்ன் 1997–98 காற்பந்துப் பருவம்

1997–98 பருவம், ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் நகரைச் சேர்ந்த 1. எஃப்.சி. கைசர்ஸ்லாட்டர்ன் காற்பந்துக் கழகம் இரண்டாம் பிரிவிலிருந்து தரமுயர்ந்து, நாட்டின் முதற்பிரிவான புண்டெஸ்லிகாவில் மீண்டும் ஆடிய முதற்பருவம் ஆகும். ஓட்டோ ரெஹாகல் பயிற்றுநராக இருந்த இவ்வணி 34 ஆட்டங்களில் 68 புள்ளிகள் பெற்று, பேயர்ன் மியூனிக் கழகத்தை இரண்டு புள்ளிகளால் பின்தள்ளி வாகை சூடியது. 1963இல் தொடங்கப்பட்ட புண்டெஸ்லிகாவின் வரலாற்றில், தரமுயர்ந்த அடுத்த பருவத்திலேயே வாகை சூடிய ஒரே அணி இதுவாகும்.

கழகமும் நகரமும்

கைசர்ஸ்லாட்டர்ன், தென்மேற்கு ஜெர்மனியின் ரைன்லாந்து-பலாட்டினேட் மாநிலத்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள் வாழும் நகரம் ஆகும். மியூனிக், ஹம்பர்க், கொலோன் முதலிய பெருநகரங்களோடு ஒப்பிட இது மிகச் சிறியது. எனினும் ஜெர்மன் காற்பந்தாட்டத்தில் இதற்குத் தனியிடம் உண்டு. 1954இல் உலகக்கோப்பையை வென்ற மேற்கு ஜெர்மனி அணியில் இக்கழகத்தின் வீரர்கள் ஐவர் இருந்தனர். அணித்தலைவர் ஃபிரிட்ஸ் வால்டர், அவருடைய தம்பி ஒட்மார் வால்டர், ஹோர்ஸ்ட் எக்கல், வெர்னர் லீப்ரிஷ், வெர்னர் கோல்மையர் ஆகியோரே அவர்கள். நகரின் பெட்ஸென்பெர்க் குன்றின்மீது அமைந்துள்ள கழகத்தின் விளையாட்டரங்கம் 1985 முதல் ஃபிரிட்ஸ் வால்டரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1951, 1953 ஆகிய ஆண்டுகளில் ஜெர்மன் வாகையராக விளங்கிய இக்கழகம், புண்டெஸ்லிகாவைத் தோற்றுவித்த 16 கழகங்களுள் ஒன்றாகும். 1991இல் புண்டெஸ்லிகாவையும் வென்றது. 1996 வரை ஒருமுறைகூட முதற்பிரிவிலிருந்து தரமிறக்கப்பட்டதில்லை.

பின்னணி: 1996ஆம் ஆண்டின் தரமிறக்கம்

ஜெர்மனியில் வெற்றிக்கு மூன்று புள்ளிகள் வழங்கும் முறை 1995–96 பருவத்தில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் வெற்றிக்கு இரண்டு புள்ளிகளும் சமநிலைக்கு ஒரு புள்ளியும் வழங்கப்பட்டன. அதாவது, வெற்றியின் மதிப்பில் பாதியாக இருந்த சமநிலை, மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. இந்த மாற்றம் கைசர்ஸ்லாட்டர்ன் அணியைக் கடுமையாகத் தாக்கியது. அப்பருவத்தில் அவ்வணி பத்து ஆட்டங்களில் மட்டுமே தோற்றது. ஆனால் வென்றவை ஆறு மட்டுமே. எஞ்சிய 18 ஆட்டங்களும் சமநிலையில் முடிந்தன.

1996 மே 18 அன்று நடைபெற்ற இறுதிச் சுற்றில், தரமிறக்கத்தைத் தவிர்க்கப் போராடிய மற்றொரு அணியான பேயர் லெவர்குசனை அதன் சொந்த அரங்கில் கைசர்ஸ்லாட்டர்ன் எதிர்கொண்டது. வென்றால் மட்டுமே முதற்பிரிவில் நீடிக்கலாம் என்ற நிலை. செக் நாட்டு வீரர் பாவெல் கூகா அடித்த கோலினால் முன்னிலை பெற்ற அவ்வணி, 82ஆவது நிமிடத்தில் லெவர்குசனின் மார்க்குஸ் மியூன்ஷ் அடித்த கோலினால் 1–1 என்ற சமநிலைக்குத் தள்ளப்பட்டது. அப்பருவத்தின் 18ஆவது சமநிலையான இதுவே அணியை 36 புள்ளிகளுடன் 16ஆம் இடத்தில் நிறுத்தி இரண்டாம் பிரிவுக்கு அனுப்பியது. 1990 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் வெற்றிக் கோலை அடித்த ஆந்திரேயாஸ் பிரேமே, அதே உலகக்கோப்பை அணியில் தம்முடன் ஆடியவரும் அன்று எதிரணியில் இருந்தவருமான ரூடி ஃபோலரின் தோளில் சாய்ந்து தொலைக்காட்சிப் படக்கருவிகளுக்கு முன் அழுத காட்சி ஜெர்மன் இரசிகர்களால் இன்றளவும் நினைவுகூரப்படுகிறது.

ஒரு வாரம் கழித்து, மே 25 அன்று பெர்லினில் நடைபெற்ற ஜெர்மன் கோப்பை இறுதியாட்டத்தில் மார்ட்டின் வாக்னர் அடித்த கோலினால் கார்ல்ஸ்ரூ அணியை 1–0 என்ற கணக்கில் கைசர்ஸ்லாட்டர்ன் வென்றது. இவ்வாறு, ஒரே மாதத்தில் கோப்பை வாகையராகவும் தரமிறக்கப்பட்ட அணியாகவும் ஆனது.

இரண்டாம் பிரிவில் ஓராண்டு

தரமிறக்கத்திற்குப் பின் ஓட்டோ ரெஹாகல் பயிற்றுநராகப் பொறுப்பேற்றார். இவர் 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் இதே கழகத்தின் பின்கள வீரராக ஆடியவர். 1981 முதல் 1995 வரை வெர்டர் பிரேமன் கழகத்தின் பயிற்றுநராக இருந்து இருமுறை புண்டெஸ்லிகாவை வென்றிருந்தார். பின்னர் பேயர்ன் மியூனிக் சென்ற அவர், அங்கு முதற்பருவம் முடியும் முன்பே, 1996 ஏப்ரலில், பதவிநீக்கம் செய்யப்பட்டார்.

தரமிறக்கப்படும் அணிகளிலிருந்து சிறந்த வீரர்கள் விலகிச் செல்வது வழக்கம். கைசர்ஸ்லாட்டர்னில் அணியின் மையப்பகுதி கலையவில்லை. 1996 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் செக் குடியரசுக்காக ஆடிய மிரோஸ்லாவ் காட்லெட்ஸ், பாவெல் கூகா ஆகிய இருவரும், பிரேமே, வாக்னர், முன்கள வீரர் ஒலாஃப் மார்ஷல் ஆகியோரும் இரண்டாம் பிரிவில் ஆடினர். 1996–97 பருவத்தில் 68 புள்ளிகளுடன் முதலிடம் பெற்று அணி தரமுயர்ந்தது. மெப்பன் அணியுடனான இறுதியாட்டம் 7–6 என்ற அரிய கணக்கில் வெற்றியாக முடிந்தது. வோல்ஃப்ஸ்புர்க், ஹெர்த்தா பெர்லின் ஆகிய அணிகளும் உடன் தரமுயர்ந்தன.

அணி அமைப்பு

1997 கோடையில் செய்யப்பட்ட முக்கியச் சேர்ப்பு, சுவிட்சர்லாந்து நடுக்கள வீரர் சிரியாகோ ஸ்போர்சா ஆவார். 1993 முதல் 1995 வரை இக்கழகத்தில் ஆடியிருந்த இவர், பேயர்ன் மியூனிக், இன்டர் மிலான் ஆகிய கழகங்களில் தலா ஒரு பருவம் ஆடிவிட்டுத் திரும்பினார். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஆந்திரேயாஸ் புக் வந்தார். கெம்னிட்ஸ் கழகத்திலிருந்து, அப்போது 20 வயதே ஆகியிருந்த மிஹாயெல் பல்லாக் சேர்க்கப்பட்டார். பிற்காலத்தில் ஜெர்மனி அணியின் தலைவரான பல்லாக் தம் முதல் புண்டெஸ்லிகா ஆட்டங்களை இப்பருவத்தில்தான் ஆடினார்.

அக்காலத்தில் பல ஐரோப்பிய அணிகள் நான்கு பின்கள வீரர்களை ஒரே வரிசையில் நிறுத்தும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. ரெஹாகல் பழைய முறையையே பின்பற்றினார். காட்லெட்ஸ் தனிப்பட்ட எதிராளி எவரையும் பொறுப்பேற்காது பின்னின்று காக்கும் வீரராக ஆடினார். அவருக்கு முன் ஹாரி கோஹ், டென்மார்க்கின் மைக்கேல் ஷோன்பெர்க் முதலியோர் எதிரணியின் முன்கள வீரர்களை ஆளுக்கு ஒருவராகக் கண்காணித்தனர். கோல் காப்பாளராக ஆந்திரேயாஸ் ரைன்கே ஆடினார். வலப்பக்கத்தில் புக், பிரேசிலின் ரட்டின்யோ ஆகியோரும் இடப்பக்கத்தில் வாக்னரும் பக்கவாட்டிலிருந்து பந்தை உயரமாகக் கோல்முகத்திற்கு அனுப்ப, மார்ஷல் அதைத் தலையால் முட்டிக் கோலாக்குவது அணியின் முதன்மைத் தாக்குதல் வழியாக இருந்தது. மார்ஷல் இப்பருவத்தில் 21 கோல்கள் அடித்தார். 22 கோல்கள் அடித்த லெவர்குசனின் உல்ஃப் கிர்ஸ்டன் மட்டுமே அவரை முந்தினார்.

பருவத்தின் போக்கு

1997இல் ஜெர்மன் காற்பந்தாட்டம் வலுவான நிலையில் இருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் பொரூசியா டோர்ட்மண்ட் வாகையர் கூட்டிணைவையும், ஷால்கே 04 யூஈஎஃப்ஏ கோப்பையையும் வென்றிருந்தன. புண்டெஸ்லிகாவின் நடப்பு வாகையராகப் பேயர்ன் மியூனிக் விளங்கியது.

அந்தப் பேயர்ன் அணியைத்தான் கைசர்ஸ்லாட்டர்ன் முதல் ஆட்டத்திலேயே, 1997 ஆகத்து 2 அன்று, மியூனிக் ஒலிம்பிக் அரங்கில் சந்தித்தது. ரெஹாகல் தம்மைப் பதவிநீக்கம் செய்த கழகத்தை எதிர்கொண்டதால் இவ்வாட்டம் பெரிதும் எதிர்பார்க்கப்பட்டது. 80ஆவது நிமிடத்தில் ஸ்போர்சா அனுப்பிய பந்தை ஷோன்பெர்க் தலையால் முட்டிக் கோலாக்க, தரமுயர்ந்த அணி 1–0 என்ற கணக்கில் வென்றது.

நான்காம் சுற்றில் அட்டவணையின் முதலிடத்தை அடைந்த கைசர்ஸ்லாட்டர்ன், அதன்பின் பருவம் முடியும்வரை அவ்விடத்தை இழக்கவில்லை. டிசம்பரில் பெட்ஸென்பெர்க்கில் நடைபெற்ற இரண்டாம் ஆட்டத்திலும் பேயர்ன் 2–0 என்ற கணக்கில் தோற்றது.

1998 இளவேனிற்காலத்தில் பேயர்ன் அணி தடுமாறியது. ஷால்கேயிடம் தோற்ற பின்னர், மார்ச் 10 அன்று அதன் இத்தாலியப் பயிற்றுநர் ஜோவானி டிராபட்டோனி தம் வீரர்களைச் சாடி, தட்டுத்தடுமாறிய ஜெர்மன் மொழியில் ஆற்றிய உரை புகழ்பெற்றது. ஆயினும் போட்டி அத்துடன் முடிந்துவிடவில்லை. கைசர்ஸ்லாட்டர்னும் புள்ளிகளை இழக்கவே, இரண்டு சுற்றுகள் எஞ்சியிருந்தபோது இடைவெளி இரண்டு புள்ளிகளாகச் சுருங்கியது.

1998 மே 2 அன்று, 33ஆம் சுற்றில், உடன் தரமுயர்ந்த வோல்ஃப்ஸ்புர்க் அணியைக் கைசர்ஸ்லாட்டர்ன் தன் சொந்த அரங்கில் 4–0 என்ற கணக்கில் வென்றது. அதேவேளை டூயிஸ்புர்க்கில் ஆடிய பேயர்னால் 0–0 என்ற சமநிலையையே எட்ட முடிந்தது. நான்கு புள்ளிகள் இடைவெளியும் ஒரே ஒரு ஆட்டமும் எஞ்சியிருந்ததால் வாகையர் யார் என்பது அன்றே உறுதியாயிற்று. ஹம்பர்க் அணியுடனான இறுதியாட்டம் 1–1 என்று சமநிலையில் முடிந்தது. 37 வயதான பிரேமே இப்பருவத்தில் சில ஆட்டங்களிலேயே களமிறங்கினார். லெவர்குசனில் அழுத இரண்டே ஆண்டுகளில் வாகையர் கேடயத்தை ஏந்தி, பருவ முடிவில் ஓய்வு பெற்றார்.

இறுதி அட்டவணையும் புள்ளிக் கணக்கும்

முதலிரண்டு அணிகளின் நிலை பின்வருமாறு:

* கைசர்ஸ்லாட்டர்ன்: 19 வெற்றி, 11 சமநிலை, 4 தோல்வி, கோல்கள் 63–39, புள்ளிகள் 68
* பேயர்ன் மியூனிக்: 19 வெற்றி, 9 சமநிலை, 6 தோல்வி, கோல்கள் 69–37, புள்ளிகள் 66

மூன்றாமிடம் பெற்ற லெவர்குசன் 55 புள்ளிகளுடன் வெகுதொலைவில் இருந்தது. கார்ல்ஸ்ரூ, கொலோன், பீலஃபெல்ட் ஆகிய அணிகள் தரமிறக்கப்பட்டன.

மேற்கண்ட எண்கள் இரு செய்திகளைக் காட்டுகின்றன. முதலாவதாக, இரு அணிகளும் வென்ற ஆட்டங்களின் எண்ணிக்கை சமம். பேயர்ன் கூடுதலாகக் கோல் அடித்தது. குறைவாகவே கோல் வாங்கியது. பேயர்ன் தோற்ற ஆறு ஆட்டங்களுக்கு எதிராகக் கைசர்ஸ்லாட்டர்ன் தோற்றவை நான்கே; அதன் சமநிலைகள் இரண்டு கூடுதல். அந்த இரண்டு சமநிலைகள் தந்த இரண்டு புள்ளிகளே இரு அணிகளுக்கும் இடையிலான வேறுபாடு. 1996இல் வெல்ல வேண்டிய ஆட்டங்களைச் சமநிலையில் விட்டதால் தரமிறங்கிய அணி, 1998இல் தோற்கக்கூடிய ஆட்டங்களைச் சமநிலையில் காத்துக்கொண்டதால் வாகை சூடியது எனலாம்.

இரண்டாவதாக, இவ்விரு அணிகளும் தமக்குள் ஆடிய இரண்டு ஆட்டங்களை மட்டும் நீக்கிக் கணக்கிட்டால், பிற 16 அணிகளுக்கு எதிராகப் பேயர்ன் 66 புள்ளிகளும் கைசர்ஸ்லாட்டர்ன் 62 புள்ளிகளும் பெற்றிருந்தன. நேருக்கு நேர் ஆட்டங்களில் பெற்ற ஆறு புள்ளிகளே முடிவை மாற்றின. முதல் நாளன்று மியூனிக்கில் கிடைத்த வெற்றி, அப்போது ஒரு தற்செயலாகக் கருதப்பட்டிருக்கலாம். பருவ முடிவில் நோக்க, அவ்வாட்டம் இல்லாமல் இப்பட்டம் இல்லை.

ஒப்பீடு

தரமுயர்ந்த உடனே முதற்பிரிவை வெல்வது ஐரோப்பாவின் பெரிய கூட்டிணைவுகளில் அரிய நிகழ்வாகும். இங்கிலாந்தில் 1961–62இல் இப்ஸ்விச் டவுன், 1977–78இல் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் ஆகிய கழகங்கள் இதனைச் செய்துள்ளன. ஜெர்மனியில் 1965இல் தரமுயர்ந்த பேயர்ன் மியூனிக் அடுத்த பருவத்தில் மூன்றாமிடம் பெற்றது. 2008–09இல் ஹாஃபன்ஹைம் அணி பருவத்தின் முதற்பாதியில் முதலிடத்தில் இருந்து பின்னர் ஏழாமிடத்தில் முடித்தது. 2016–17இல் ஆர்.பி. லைப்சிக் இரண்டாமிடம் பெற்றது.

பிற்காலம்

1998–99 வாகையர் கூட்டிணைவில் கைசர்ஸ்லாட்டர்ன் தன் குழுவில் முதலிடம் பெற்றுக் காலிறுதிக்கு முன்னேறி, அங்குப் பேயர்னிடம் தோற்றது. புண்டெஸ்லிகாவில் ஐந்தாமிடம் கிடைத்தது. பல்லாக் 1999இல் லெவர்குசனுக்குச் சென்றார். ரெஹாகல் 2000 அக்டோபரில் பதவி விலகினார். பின்னர் கிரேக்க அணியின் பயிற்றுநரான அவர், 2004 ஐரோப்பியக் கோப்பையை எவரும் எதிர்பாராத வகையில் வென்று தந்தார்.

கழகத்தின் நிலை வேறாக இருந்தது. கடன்சுமையால் 2003இல் விளையாட்டரங்கத்தை விற்க நேர்ந்தது. 2006இல் தரமிறக்கப்பட்டு 2010இல் மீண்ட அணி, 2012இல் மறுபடியும் முதற்பிரிவை இழந்தது. 2018இல் வரலாற்றில் முதன்முறையாக மூன்றாம் பிரிவுக்கு இறங்கி, நான்கு பருவங்கள் அங்கேயே ஆடியது. 2022இல் இரண்டாம் பிரிவுக்குத் திரும்பியது. 2024இல் ஜெர்மன் கோப்பை இறுதியாட்டத்தை எட்டி, 0–1 என்ற கணக்கில் தோற்றது. அந்த ஆட்டத்தில் எதிரணியாக வந்தது, 1996இல் கைசர்ஸ்லாட்டர்னின் தரமிறக்கத்தை உறுதிசெய்த அதே லெவர்குசன் அணியாகும்.