தந்தையார் வண்டியின் பலகைத் தளம்

மட்டாஞ்சேரி பஜார் வீதியில் மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் ஏற்றிய வண்டிகளைக் கண்டு வளர்ந்தவர்கள் நம் சங்கத்தில் அநேகர். எங்கள் வீட்டிலும் அத்தகைய வண்டி ஒன்று உண்டு. என் தந்தையார் பழையதாக வாங்கிய செவர்லே பிக்கப் அது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1928 முதல் 1954 வரை பம்பாயில் பாகங்களைப் பொருத்தி விற்றார்களே, அந்தக் காலத்து வண்டி. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வெங்காயமும் மிளகாய் வற்றலும் கொணர்ந்து அவர் எங்களைப் படிக்கவைத்தது இதைக் கொண்டுதான்.

என்ஜினைப் பேணுவதில் காட்டிய கவனத்தைப் பின்புறத் தளத்தில் நான் காட்டவில்லை. சில பலகைகள் இற்றிருக்கக் கண்டு, மேலே இரும்புத் தகட்டைப் பரப்பி ஆணி அடித்துவிட்டேன். பார்வைக்கு நன்றாகவே இருந்தது. இரண்டு மழைக்காலம் கழித்துத் தகட்டைப் பெயர்த்தபோது, விரலால் அழுத்தினால் உள்ளே போகும் நிலையில் மரம் கிடந்தது.

பழுதுபார்க்க வந்த முதிய ஆசாரியார் குனிந்து அடிப்புறத்தை நெடுநேரம் நோக்கினார். “தம்பி, இதைச் செய்தவன் மரம் அறிந்தவன், மூடியவன் அறியாதவன்” என்றார். மூடியவன் நான்தான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அவர் விளக்கியது இது. மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறுவதில்லை. ஈரம் பட்டால் அகலவாக்கில் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். ஆகையால் இத்தளத்தில் பலகைகளை நெருக்கி ஆணி அறையவில்லை. இரு பலகைகளுக்கு இடையே சிறு சந்து விட்டு, அதன்மேல் நீண்ட எஃகுப் பட்டை வைத்திருக்கிறார்கள். பட்டையிலிருந்து இறங்கும் போல்ட் அந்தச் சந்தின் வழியே சென்று கீழேயுள்ள குறுக்குச் சட்டத்தில் முடுக்கப்படுகிறது. பட்டை பலகையின் ஓரங்களை அழுத்திப் பிடிக்கிறது. பலகையோ தன் விருப்பப்படி பருக்கலாம், சுருங்கலாம். மூட்டைகளை இழுக்கும்போது தேய்வதும் பட்டைதான், மரமன்று. நான் அடித்த ஆணிகள் மரத்தைக் கட்டிப்போட்டன. அத்துளைகளில் இறங்கிய நீர் தகட்டின் அடியில் உலர வழியின்றித் தங்கிற்று.

அமெரிக்காவில் இதற்குப் பைன் முதலிய மரங்களை இடுவார்களாம். தேக்கு வாங்க என் கை நீளவில்லை. ஆசாரியார் ஆஞ்சிலியைத் தேர்ந்தார். நாஞ்சில் நாட்டார் அயினி என்று சொல்லும் மரம். கேரளத்துச் சுண்டன் வள்ளங்கள் இதில்தான் செய்யப்படுகின்றன. தண்ணீரில் கிடக்கத் தெரிந்த மரத்துக்குக் கொச்சி மழை ஒரு பொருட்டா?

நன்கு உலர்ந்த பலகைகளையே வாங்கினோம். கோடையில் பொருத்தியதால், மழையில் பருக்கும் என்று எண்ணிச் சந்தைச் சற்றுத் தாராளமாகவே விட்டார். பொருத்துமுன் மேல், கீழ், பக்கம் எங்கும் ஆளிவிதை எண்ணெய் பூசினோம். வெட்டுமுனைகளுக்கு மட்டும் மூன்று முறை; நீரை அதிகம் குடிப்பது அவ்விடமே. உப்புக் காற்றைக் கருதித் துத்தநாகம் பூசிய போல்ட்களையே இட்டோம். அவற்றின் விலை எனக்குச் சற்று உறுத்திற்று என்பதையும் மறைப்பானேன்?

பழைய பலகைகளில் ஓட்டுநர் பக்கத்து ஓரப் பலகை மட்டும் கெடாமல் இருந்தது. மூட்டைக் கணக்குக்காகத் தந்தையார் உளியால் கீறிய கோடுகள் அதில் உள்ளன. அதை இழைப்புளி படாமல் துடைத்து, எண்ணெய் இட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார் ஆசாரியார்.